நாலாம் கட்டிலின் குடுவை

சளி உறிஞ்சிச் சேரும் குடுவையைக் கழற்றியதுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பதினோரு வருடமாக இந்த வார்டைக் கூட்டித் துடைப்பவள்; அவள் அள்ளாத அசிங்கம் இல்லை. மலம், ரத்தம், வாந்தி எதற்கும் முகம் சுளித்தவள் கிடையாது. ஆனால் நாலாம் கட்டிலின் குடுவையில் நேற்றுவரை வெறும் நுரை. இன்று பச்சைப் பசேலென்று கெட்டியாகக் கிடந்தது. செத்த எலி நாற்றம்.

கட்டிலில் கிடந்தவர் பேருந்து ஓட்டுநர். வைரஸ் காய்ச்சலில் மூச்சு முட்டி வந்தவர். தொண்டையில் குழாய் விட்டு, எட்டு நாளாக இயந்திரம்தான் அவருக்கு மூச்சு. காய்ச்சல் இறங்கிவிட்டது, குழாயை எடுத்துவிடலாம் என்று முந்தாநாள்தான் சொன்னார்கள்.

காலையில்கூட அவர் மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள நல்லா பாத்துக்கறாங்கல்ல?"

"கண்ணுல வச்சுப் பாத்துக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் குடுவையை எட்டிப் பார்த்தார். முகம் கோணிப் போயிற்று.

"வைரஸ் விட்டுடுச்சு. இது வேற. வாயில ஊறின அழுக்கு குழாய் ஓரமா நுரையீரலுக்கு இறங்கியிருக்கு. வாயைத் துடைச்சீங்களா இல்லையா?"

நர்ஸ் ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு கட்டில் பார்ப்பவள். கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து நீட்டினாள்.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சார். எல்லாத்துலயும் டிக் இருக்கு."

ஓட்டுநரின் உதடு பிளந்து கிடந்தது. பல்லெல்லாம் மஞ்சள் பாசி. குடுவையோடு நின்றவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். "அச்சடிச்ச மாதிரில்ல இருக்கு."

அச்சடித்த மாதிரிதான். ஒவ்வொரு டிக்கின் அடியிலும் சின்னதாக ஒரு கொக்கி. நர்ஸின் கிறுக்கலில் அது வராது.

போன வருடம் மகள் இவள் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தபோது ஒட்டிக்கொண்ட கொக்கி அது.

கை ஒழியலக்கா, பாத்ரூம் கதவு அட்டையில மொத்தமா போடுவீங்கல்ல, அதே மாதிரி போட்டு வையுங்க என்று நர்ஸ் பேனாவை நீட்டியபோது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதத் தெரிந்தவள் என்று அதுவரை யாரும் அவளிடம் பேனாவை நீட்டியதில்லை.

தினமும் காலையில், ஒரு கட்டம் விடாமல் போட்டாள்.

டாக்டரின் விரல் இன்றைய வரிசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

இன்னும் வராத ராத்திரி பத்து மணிக்கும் அவள் போட்டு வைத்திருந்தாள்.