மூழ்கத் தெரியாதவர்

காலை வெயில் நீச்சல்குளத்தின் அடிவரை இறங்கி வலைபோல அசைகிறது. ஞானஸ்நானம் பெற வந்த நீச்சல் மாஸ்டர், வெள்ளை அங்கியோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். பக்கத்தில் போதகர். அவருக்கு நீந்தத் தெரியாது; ஒவ்வோர் அடியையும் துழாவித் துழாவி வைக்கிறார். பழக்கதோஷத்தில் மாஸ்டரின் கை போதகரின் முதுகைத் தாங்கப் போய்விடுகிறது. “கையை எடுங்க மாஸ்டர். ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுக்கத்தானே வந்தீங்க? இன்னைக்குப் பிடிக்கிறது என் வேலை.” கரையில் சபையார் சிரிக்கிறார்கள். போதகர் அவரைப் பின்னால் சாய்த்து அமிழ்த்துகிறார். எத்தனையோ பேருக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்த உடம்பு, மூழ்க மாட்டேன் என்று தக்கையாக மேலே வருகிறது. மறுபடி அழுத்துகிறார், மறுபடி மிதக்கிறது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கரையில் துண்டோடு நிற்கும் மாஸ்டரின் மனைவி குனிந்து சொல்கிறாள்: “மூச்சைப் பிடிச்சு வச்சிருந்தா எப்படிங்க முங்குவீங்க? விட்டுடுங்க.” மாஸ்டர் கண்களை மூடுகிறார். புடைத்திருந்த நெஞ்சு மெல்லத் தாழ்கிறது. தண்ணீர் காதுகளில் ஏறி, கன்னங்களைக் கடந்து, நெற்றியின் மேல் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. கடைசிக் குமிழி மேலே வந்து உடைகிறது. மார்பின்மேல் கட்டிய கைகள் அசையவே இல்லை. மூழ்கியவர்களை எல்லாம் இழுத்துக் கரைசேர்த்த கைகள் அவை. நீந்தத் தெரியாத ஒருவர் தூக்கிவிடட்டும் என்று, தண்ணீருக்கடியில் காத்திருக்கின்றன.