ஏழாம் எண் பாட்டில்

மூன்று முறை தட்டியாயிற்று. தேவானை கதவைத் திறக்கவில்லை.

உள்ளே ஆள் இருக்கிறது. கதவுக்கு உட்புறம் வாசலை ஒட்டிய அடிபம்பு அதுவரை முனகிக்கொண்டிருந்தது. மஹதியின் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது.

மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் நின்றுவிடும், பம்பிலும் வராது. அதற்குள் இந்த வீட்டுப் பம்பிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தாக வேண்டும். இன்று காலையே ஆய்வகத்தில் வைத்தால்தான் குடிநீர் வாரியத்தின் நாளை மதியக் கூட்டத்துக்கு முன்னால் முடிவு தெரியும்.

அடையாற்றங்கரைச் சந்து அது. இரண்டு மாதத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை. குழாயில் சாக்கடை கலக்கிறதா என்று பார்க்கும் வேலை, கல்லூரி ஆய்வு மாணவி மஹதியுடையது.

கலக்கிறது என்றால் சந்தைத் தோண்டிப் புதுக் குழாய் போடுவார்கள். இல்லை என்றால், கை கழுவச் சொல்லி ஒரு போர்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் தடவை பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு பாட்டில். விடிகாலைத் தண்ணீர் என்பதால் முந்தின நாள் மாலையே பாட்டிலைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு, மறுநாள் எட்டு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றின் மேலும் வீட்டு எண்ணும் வீட்டுப் பெண்ணின் பெயரும் பெரிய எழுத்தில். ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது என்று அவளே யோசித்துச் செய்த ஏற்பாடு.

பதினொன்று சுத்தம் என்று வந்தது. ஏழாம் எண் மட்டும் சாக்கடை.

ஒன்றே ஒன்று கெட்டிருந்தால் கோளாறு குழாயில் இல்லை, பிடித்த கையில் என்றார் பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன். அதை மட்டும் மறுபடி எடுத்துவிட்டு அறிக்கையை முடிக்கச் சொன்னார். மற்ற பதினொன்றிலும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்ததைப் பார்த்து, இவ்வளவு சீரான வேலையை இந்த வருஷத்தில் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவள் மஹதி. அன்று ஒரு நாள்தான் தன்னைச் சந்தேகப்படாமல் தூங்கினாள்.

தூங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தாள். முடிவைத் தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை உண்டு என்று, தெருமுனையில் நின்று பட்டியலைப் பெயரோடு வாசித்திருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் தேவானை வீடு சாக்கடை வீடு ஆகிவிட்டது. அவள் வீட்டுக்குப் போனால் டம்ளரைக் கையோடு கொண்டு போ என்று யாரோ சொல்ல, சந்தே சிரித்தது. மயிலாப்பூரில் அவள் சமைக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று, விஷயம் தெளிகிற வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றைய பாட்டிலும் கெட்டுப் போனால் மற்ற வீடும் போகும்.

மஹதி கதவில் வாயை வைத்து, தன் மேல்தான் தப்பு, ஒரே ஒரு தடவை திறங்கள் என்று கெஞ்சினாள்.

"நீ சொன்ன மாதிரியே தாம்மா புடிச்சேன்" என்றது உள்ளிருந்து குரல். அழுதழுது கரகரத்திருந்தது. "போ."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மூடிக்குள் விரல் பட்டிருக்கும். வேண்டாம் என்று சொல்லியும் பாட்டிலைக் கழுவியிருப்பாள். மஹதிக்கு எரிச்சல் வந்தது. உடனே அந்த எரிச்சலை நினைத்து வெட்கமும் வந்தது.

ஐந்து ஐம்பது.

பக்கத்து வீட்டு அன்புச்செல்வி, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் குழந்தைக்குக் கண்ணில் இன்னும் மஞ்சள் வடியவில்லை.

நிலைமையைக் கேட்டுக்கொண்டாள். பாட்டிலை மஹதியின் கையிலிருந்து வாங்கினாள். ரெண்டே நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். பின்பக்க வழியாகத் தேவானை வீட்டுக்குள் போய்ப் பிடித்து வருவாள் என்று மஹதி நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடியே வந்தாள். தண்ணீர் கோடு வரை சரியாக நின்றது. மூடி இறுகியிருந்தது. பாட்டிலின் வெளிப்புறத்தைத் துண்டால் துடைத்துக் கொடுத்தாள்.

மஹதி அதைத் தெருவிளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

அப்பாடா என்றிருந்தது. தேவானைக்கு வேலை போகாது. பன்னிரண்டும் சரி. அறிக்கை முடிந்தது.

நோட்டை எடுத்தாள். மணி எழுதினாள். எழுதுகிற பழக்கத்தில், எந்தப் பம்பில் பிடித்தது என்று கேட்டாள்.

அன்புச்செல்வி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"பம்புத் தண்ணியா? அத்தப் போயி உங்க காலேஜுக்கு எப்டி மேடம் குட்த்து அனுப்பறது, பாட்டில்ல எங்க பேரு வேற எழுதிக் கீது. அன்னிக்கும் பதினோரு வூடும் சேந்து கடையில ஒரே தண்ணி கேனாதான் வாங்கி ஊத்துனோம். தேவானைக்காதான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

தூரத்தில் ஒரு பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியது.

மஹதி பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பையிலிருந்து பெயர் எழுதாத இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஏழாம் எண் கதவை நான்காவது முறையாகத் தட்டினாள்.

ஆறு அடிக்க இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.