வீட்டின் தலைவர்

“இதுக்கு மேல என்னம்மா விசாரணை வேணும்?”

சாதிச் சான்றிதழ் மனுவுக்காக வீட்டை விசாரிக்க வந்திருந்த வருவாய் ஆய்வாளர் ஞானவேல், வாசற்படிக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். ‘இந்த வீட்டின் தலைவர் இயேசு கிறிஸ்து.’

“வெளிய இப்படி போர்டு மாட்டிக்கினு, மனுவுல இந்து ஆதிதிராவிடர்னு எழுதிக் குடுக்குற. கவர்மென்ட்ட ஏமாத்துறியா?”

“நாங்க வேதக்காரங்க இல்லீங்க சார்,” என்றாள் அம்சவள்ளி. “திங்கக்கிழமைக்குள்ள சர்ட்டிபிகேட் குடுக்கலன்னா பொண்ணுக்கு காலேஜ் சீட்டு போயிடும்.”

“அப்போ இவரு யாரு? உங்க சொந்தக்காரரா?”

மனுவின் ஓரத்தில் ‘மதம் மாறியவர்’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க சார். இது வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் மாட்டின போர்டு அது.”

“திண்டிவனத்துல வேற வீடே கிடைக்கலியா உனக்கு?”

அம்சவள்ளியின் குரல் உயர்ந்தது.

“ஒம்பது வீடு ஏறி இறங்கினேன் சார். ‘நீங்க என்ன ஆளுங்க’ன்னு கேட்டாங்க, சொன்னதும் கதவச் சாத்திட்டாங்க. கேக்காம சாவி குடுத்தது இந்தத் தலைவரு வீட்டுல மட்டுந்தான்.”

ஞானவேல் அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த ஒம்பதுல உங்க மாடி வீடும் ஒண்ணு சார். அன்னிக்கு நான் வாயால சொன்ன சாதிய, ஒரு பேப்பரும் கேக்காம நம்புனீங்களே, அதையே இன்னிக்கு எழுதுங்க!”