பார்வையிட வந்தவர்

சின்னுசாமி நாமக்கல் முதியோர் இல்லத்தில் வார்டனாகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றே கேள்வி கேட்டு அவனை வேலைக்கு எடுத்த காளியப்பன் ஐயா, இன்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் இல்லத்தைப் பார்வையிடப் போயிருந்தார். அங்கிருந்து சென்னியம்மாள் இங்கே வந்திருந்தார். மறதி நோயாளிகளை இன்னும் நன்றாகக் கவனிக்க இரண்டு இல்லங்களும் செய்துகொண்ட ஏற்பாடு அது.

அந்த அம்மாள் குறை சொன்னால் வேலை போய்விடுமோ என்று சின்னுசாமிக்கு உதறல்.

"ஏஞ்சாமி, எல்லாக் கதவும் ஒரே பச்சையா இருக்குது. கக்கூஸ் எதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு மட்டும் மஞ்சள் அடிச்சரலாமுங்க."

"ரசத்துல உப்பே இல்லை. மறதி வந்தா நாக்குமா செத்துப்போகும்?"

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு, சென்னியம்மாளுக்குத் துணையாகச் சேலத்திலிருந்து வந்த ஆயா ஆராயியிடம் கிசுகிசுத்தான்.

"எல்லாம் கரெக்டாச் சொல்றாங்களே, எங்க படிச்சாங்க?"

"படிப்பா? அவிங்களே எங்க இல்லத்து நோயாளிதானுங்க. கக்கூஸ் கதவு தெரியாம தினமும் அலைஞ்சவிங்க. அவிங்களுக்குத் தெரியற குறை நமக்குத் தெரியாதுங்களே. அதுக்குத்தானே உங்க காளியப்பன் ஐயாவையும் அங்க அனுப்பியிருக்காங்க?"

சின்னுசாமி பதறினான்.

"ஐயோ! என்னை வேலைக்கு எடுத்ததே அவருதானுங்க!"

ஆராயி சிரித்தாள்.

"பயப்படாதீங்க. என்னை எடுத்தது இந்தம்மாதான். மூணு வருசமாச்சு, இன்னும் யாரும் கேக்கலை."