அறுந்துபோன கடைசி ரீல்

“கடைசி ரீல் அறுந்துபோச்சு. ஒட்ட முடியல. படம் அவ்வளவுதான், எல்லாரும் கிளம்புங்க!”

ஆபரேட்டர் மலையாண்டி மேலேயிருந்து கத்தியதும் கொட்டகையே கொந்தளித்தது. விசில், கூச்சல், பெஞ்சைத் தட்டுகிற சத்தம்.

வள்ளிக்கண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வருஷம் இந்தப் படம் மதுரையில் ஓடியபோது அப்பா விடவில்லை. “கிதாராம், ராக் மியூசிக்காம்! பொம்பளப் பிள்ளை பாக்குற படமா அது?” காலேஜில் தோழிகள் முடிவை மட்டும் விட்டுவிட்டுக் கதை சொல்லக் கேட்டுக் கேட்டே ஏங்கியவள். காரைக்குடிக்கே படம் வந்ததும், அண்ணனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒருவழியாக வந்துவிட்டாள்.

இதுவரை அவள் தரையிலேயே இல்லை. திரையில், எங்கோ புகை மண்டிய ஊரில் மீசை அரும்பும் வயசில் ஒரு பையன். மடியில் பழைய கிதார். அவன் விரல் கம்பியில் பட்டதும் கொட்டகைக் கூரை மெல்ல மிதந்து போனது மாதிரி இருந்தது. பாட்டில் பாதி புரியவில்லை. புரியவும் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் சோலையம்மாளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெரு ஆசாரி வீட்டுப் பெரியம்மா. அவள் மகன் காளிதாஸ், தானே தேக்கில் கிதார் இழைத்து, அதைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்குப் போனவன். ஒரு வருஷமாகியும் தகவலே இல்லை.

“எம்மகனும் இப்பிடித்தான் கண்ண மூடிக்கிட்டு வாசிப்பான்” என்றாள் ஒருமுறை, திரையை விட்டுக் கண் எடுக்காமல்.

பையன் பெரிய மேடையில் ஏறினான். வாசித்து முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அங்கேதான் படம் நின்றுபோனது.

ஆண்கள் பக்கமிருந்து அண்ணன் வருவதற்குள் வள்ளிக்கண்ணு விடுவிடுவென்று ஆபரேட்டர் அறைக்கு மாடிப்படி ஏறிவிட்டாள்.

ரீல் மலையாண்டி கையில் முழுசாக இருந்தது.

“அறுந்துபோச்சுன்னீக? நல்லாத்தான இருக்கு! ஊரையே ஏமாத்துறீகளா? மேனேஜர்கிட்ட சொல்றேன்.”

“சொல்லு தங்கச்சி. வேலை போகும், அம்புட்டுத்தான்.”

ரீலைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

“மத்தியான ஆட்டத்துல ஓட்டுனேன். இதுல அந்தப் பையன் ஆத்தாளப் பாக்க ஊருக்குத் திரும்புறான். வார வழியில வண்டி கவுந்து செத்துப்போறான். அந்தம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கிறதோட படம் முடியுது.”

“அதுக்கு?”

சுவரிலிருந்த சின்ன ஓட்டை வழியாகக் கீழே காட்டினான். காலியான பெஞ்சுகளுக்கு நடுவே சோலையம்மாள் மட்டும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“காளிதாஸ் என் கூட்டாளி. அவுக அம்மாவ உக்கார வச்சுக்கிட்டு இதை எப்பிடி ஓட்டச் சொல்ற?”

வள்ளிக்கண்ணு இறங்கி வந்தாள்.

சோலையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடைசியில அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்டியாத்தா?”

“கேட்டேன் பெரியம்மா.” வள்ளிக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஊருக்குத் திரும்பி வந்துர்றான். வாசல்ல ஒக்காந்து அவுக அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறான்.”

சோலையம்மாள் அவள் கன்னத்தை வருடினாள்.

“மத்தியான ஆட்டத்துல அவன் வீடு வந்து சேரலையேத்தா” என்றாள் மெதுவாக. “கைதட்டுற வரைக்கும் பாத்துட்டு எந்திரிச்சுறலாம்னுதான் மறுபடி வந்தேன். யாராச்சும் வேற மாதிரி சொல்ல மாட்டாகளான்னு கேட்டேன், நீ சொல்லிட்ட. மலையாண்டி எனக்காகத்தான் படத்த நிறுத்திருக்கான். நான் முன்னமே பாத்தது அவனுக்குத் தெரிய வேணாம்... பாவம், புள்ள மனசு ஒடைஞ்சுரும்.”