பல் இறங்கிய கை

ராசப்பன் கடித்துக் கடித்துக் கட்டில் சட்டம் சிராய் சிராயாகப் பெயர்ந்திருந்தது. புற்றுநோய் அவன் முதுகெலும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரைகளை அண்ணன் உலகநாதன் பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார்.

"அது போதை மருந்தும்மா. பழகிடும்."

"பழகட்டுமே மாமா. எத்தனை வருஷத்துக்குப் பழகப்போறாரு?" என்றாள் ராசப்பனின் மனைவி பொற்கொடி.

அப்போது ராசப்பன் அலறிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினான். பிடித்து அமுக்க ஓடிய அண்ணனின் முன்கையில் அவன் பற்கள் இறங்கின. உலகநாதன் முடியைப் பிடித்து இழுத்தார், கன்னத்தில் மாறி மாறி அறைந்தார், முஷ்டியால் குத்தினார். தாடை விடவில்லை. தோல் கிழிந்து ரத்தம் முழங்கை வழியாக ஓடியது.

"சாவியை எடும்மா! ஐயோ, அதைக் குடுத்துத் தொலை!"

பொற்கொடி கயிற்றை அறுத்துச் சாவியை எடுத்தாள். மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, சதைக்கும் பல்லுக்கும் நடுவே கரண்டி முனையைச் செருகி ஊற்றினாள். ராசப்பன் அதை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"இன்னும் விடலையே," என்று உலகநாதன் அழுதார்.

"உடனே கேக்காது மாமா. அதுவரைக்கும் வலிக்கத்தான் செய்யும்."

மூவரும் அப்படியே காத்திருந்தார்கள். மெல்ல மெல்லத் தாடை தளர்ந்தது. பற்கள் சதையிலிருந்து தாமாகக் கழன்றன. உலகநாதன் கையை எடுக்கவில்லை. திறந்து கிடந்த அந்தப் பற்களுக்கு நடுவிலேயே அதை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"வலிச்சா கடிடா தம்பி," என்றார்.