சாமைப் பெட்டி

"ஒண்ணு இந்த வூட்ல பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" துணிமூட்டையோடு வாசலில் நின்றாள் பழனியம்மாள். "உள்ளேர்ந்து யாரோ டக்கு டக்குனு தட்டிக்கினே இருக்காங்க."

சாமை கொட்டி வைக்க அவள் புருஷன் கண்ணுசாமி வாங்கிய இரும்புத் தகட்டுப் பெட்டி அது. நாலு யானை இழுத்தாலும் பிரியாது என்று சத்தியம் செய்து விற்ற பட்டறைக்காரர் பிச்சைமுத்து, சேதி கேட்டதும் பேர் கெட்டுவிடுமே என்று கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்துவிட்டார்.

"அண்ணே, நான் இன்னா சொல்றேன்னா..." என்றான் கண்ணுசாமி.

"நீ சும்மா இருப்பா."

பெட்டி நிறைமாதக்காரிபோல் உப்பியிருந்தது. நெளிந்து இறுகிய மூடி அசையவில்லை. பக்கவாட்டில் கைவைத்துக் குனிந்து பார்த்த பிச்சைமுத்துவின் முகம் மலர்ந்தது.

"என் வெல்டிங் வுடல, பாரு! வெல்டிங் வச்சி ஒட்டுன புள்ளி அப்படியே இருக்குது. அதைச் சுத்தித் தகடுதான் கிழிஞ்சிருக்கு. உள்ளேர்ந்து ஜாஸ்தி பாரம் தள்ளியிருக்கு. ஒவ்வொரு புள்ளியா தகட்டைவுட்டுப் பிய்யும்போது டக்குனு கேக்கும். பேயாவது பிசாசாவது! மழைத்தண்ணி எறங்கி, சாமை ஊறி உப்பிடுச்சி. அவ்ளோதான்."

பழனியம்மாள் உள்ளே வரவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"அதைத்தாண்ணே சொல்ல வந்தேன்," என்றான் கண்ணுசாமி, பெட்டியைவிட்டு மெல்ல விலகிக்கொண்டே. "சாமை இன்னும் கொல்லையில பச்சையா நிக்குது. பெட்டியில ஒரு மணிகூடப் போடலியே."

பிச்சைமுத்துவின் உள்ளங்கைக்கு நேர் கீழே, அடுத்த புள்ளி பிய்ந்தது.